பிள்ளையை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

பொழுது விடியும் முன்பே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் உங்களில் பலர். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஊர்ப்புறத்தில் அதைத் தாங்கி நிற்பவை சுய உதவிக் குழுக்கள். சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான், தன் பிள்ளை சாப்பிடப்போகும் கிச்சடிக்கு ரவையைச் சலிக்காமல் யாரும் போட மாட்டார்கள். அந்தப் பிள்ளை தட்டோடு வரிசையில் வந்து நின்றுவிடும். அதற்கு அடுத்துப் பிறந்து, ஒன்றரை வயதில் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறதே, அதை அந்நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

யாரைக் கேட்டாலும் நம் பக்கத்தில் வரும் பதில் ஒன்றுதான்: “ஆயா பாத்துக்கும்.” கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் இதைத்தான் நம்புகிறார், கம்பெனிக்கு ஆள் எடுக்க வருகிறவரும் இதைத்தான் நம்புகிறார். அந்த ஆயாவுக்கு என்ன வயது என்று கேட்பவர்தான் இல்லை. பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் பிள்ளை, அந்தப் பெண்ணுக்கும் அப்படியே என்றால் நாற்பது, நாற்பத்தொன்றில் பேரன் பிறந்துவிடுகிறான். நாற்பத்தொரு வயதுக்காரி திண்ணையில் உட்கார்ந்து தூளி ஆட்டிக்கொண்டா இருப்பார்? அவரும் மல்லாட்டை பிடுங்கப் போகிறார். நூறு நாள் வேலைக்கு முதல் ஆளாக மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். குழுக் கடன் தவணை அவர் பெயரிலும் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய ஆயாவோ முட்டி வலியும் சர்க்கரை மாத்திரையுமாக, தவழ்கிற குழந்தையின் பின்னால் எழுந்து உட்கார முடியாமல் இருக்கிறார். மாநிலத்தின் தொழில் வளர்ச்சி இந்தப் பெண்களின் கூலியில்லா உழைப்பின்மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகை என்பார்கள். எனக்கு அது மிகையாகப் படவில்லை.

இதை அமைச்சருக்கோ ஆட்சியருக்கோ எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? அங்கே மனுக்கள் நிறையக் குவிந்து கிடக்கின்றன. 1989இல் தருமபுரியில் சில குழுக்களாகத் தொடங்கிய இயக்கம் இன்று ஊராட்சிதோறும் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம், வரவு செலவு எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை. நூறு பேராகச் சேர்ந்து ஒன்றைக் கேட்டால் மறுத்துப் பேச யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

முன்பெல்லாம் பிள்ளைகள் வளரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தார்கள். நடவுக்குப் போன தாய் வரப்போரப் புங்கமரத்தில் தூளி கட்டினாள். அழுதால் சேற்றுக் காலோடு கரையேறி வந்து பால் கொடுத்தாள். அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. வெயிலும் பூச்சிக்கடியும் கிணற்றடியும் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோயின என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த வேலை கூப்பிடு தூரத்தில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்தது. பால்வாடி என்று நாம் இன்றும் சொல்கிற அங்கன்வாடி, அந்த வேலை நாளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

தைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஒன்றிய அரசு அமைத்த ஆய்வுக் குழு 1972இல் அறிக்கை தந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் மீனா சுவாமிநாதன், நம் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். அந்த அடித்தளத்தில்தான் 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பால்வாடிப் பிள்ளைகளின் தட்டிலும் சோறு விழுந்தது. இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. வடமாநிலங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டுப் போகிறவர்கள் உண்டு.

ஆனால் உடம்பு வளர்ந்துவிட்டது, சட்டை அப்படியே இருக்கிறது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வயல் வேலை நாட்களைத் தின்றுவிட்டன. பெண்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். செய்யாறு பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகள், புதுச்சேரி எல்லையில் சேதராப்பட்டு, திருபுவனைத் தொழிற்பேட்டைகள், வடக்கே மறைமலைநகர், ஒரகடம் வரைக்கும் நம் ஊர்ப் பெண்கள் போகிறார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மேடைக்கு மேடை இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் 400 கோடி ரூபாயில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. உளுந்தூர்பேட்டையில் பெரிய காலணி ஆலை வருகிறது. இன்னும் வரும். பஸ்ஸும் வேனும் இன்னும் உள்ளே உள்ள ஊர்களுக்கு வந்து ஆள் ஏற்றும்.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் ஏதாவது ஒரு கூட்டுரோட்டில் விடியற்காலை நின்று பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்கள்தான் அதிகம். அடையாள அட்டை கழுத்தில், டிபன் பை கையில். அவர்களில் கைக்குழந்தைக்காரி யார் என்று பார்த்தாலே தெரியும். அவர்தான் கடைசியாக ஓடி வருவார். பக்கத்து வீட்டில் தூக்கத்தோடேயே பிள்ளையைக் கிடத்தி, கூடையில் இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு டப்பாவில் பிசைவதற்கு இட்லி, காய்ச்சல் வந்தால் ஊற்றச் சொல்லி ஒரு மருந்து பாட்டில், எல்லாம் ஒப்படைத்துவிட்டு வருகிறவர். மாதத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் ஓர் ஏற்பாடு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தோடு வருகை போனஸும் போகும். இரண்டு முறை இப்படி ஆனால் சூப்பர்வைசர் முகம் மாறும். மூன்றாம் முறை, ஆறாவது படிக்கிற மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவிட்டுத் தாய் பஸ் ஏறுகிறார். தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடம் அங்கேதான் முதலில் விரிசல் விடுகிறது. நம் மாவட்டத்துப் படிப்பறிவைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அங்கன்வாடி திறக்கும்போது அந்த பஸ் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அவர் திரும்பி வந்து இறங்கும் நேரத்துக்கு மையம் பூட்டி இரண்டு மணி நேரம் கடந்திருக்கும். இது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் கதை. அதற்குக் கீழே என்றால் மாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், எடை போடுவார்கள், தடுப்பூசி நாளைச் சொல்வார்கள். குழந்தை அங்கே தங்க இடமில்லை. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, தாய்க்கு ஆள் துணை மிக அதிகமாகத் தேவைப்படும் அந்தப் பதினெட்டு மாதங்களில் அரசின் கணக்கு வெறுமையாக இருக்கிறது.

டெல்லிக்கு இது தெரியாததல்ல. 2006 ஜனவரியில் ராஜீவ் காந்தி பெயரில் குழந்தைகள் காப்பகத் திட்டம் வந்தது. அது தேசியக் காப்பகத் திட்டம் ஆனது. 2022இல் ‘பால்னா’ ஆகி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற யோசனையும் உடன் வந்தது. பெயர் மாற்றுவதில் மட்டும் நாம் எப்போதும் சுறுசுறுப்பு. தேசியக் காப்பகத் திட்டத்தின் விதிகளைப் படித்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும்: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 25 குழந்தைகள், ஒரு காப்பாளர், ஓர் உதவியாளர், மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு மாதக் கட்டணம் 20 ரூபாய். திறக்கும் நேரத்தை அந்த ஊர்த் தாய்மாரின் வேலைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கும்போது, காப்பகமாகச் சேர்த்து நடத்த வைத்த இலக்கு 17 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். நம் ஊருக்கு வருமா என்று காத்திருந்தால் அதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதிவிடும்.

இனி சட்டம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றது; தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் விடியற்காலை இருட்டில், நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில், எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் போவார்? ஆலைக்குள் காப்பகம் கட்டி, தொட்டில் வாங்கிப் போட்டு, பிள்ளை வரவில்லை என்று பூட்டி வைத்துவிட்டால் சட்டப்படி குற்றமும் இல்லை. சட்டம் ஆலை வாசலில் நின்று யோசித்தது. பிள்ளையோ கூட்டுரோட்டுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது.

இதற்கு வழியும் சட்டத்திலேயே கிடக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் போட்டுப் பொதுக் காப்பகம் நடத்தலாம், அரசோ நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. அப்படியானால் பஸ் வந்து நிற்கும் ஊரில் காப்பகம், செலவில் பங்கு பஸ் அனுப்பும் கம்பெனிகளுக்கு. இதில் தர்மம் எதுவும் இல்லை. சாலை போட்டுக் கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம், மின்சாரம் கொடுத்தோம், நிலமும் கொடுத்தோம். நம் பெண்களையும் அனுப்புகிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவில் ஒரு பங்கு கேட்பதில் கூச்சம் எதற்கு?

சட்டத்தின் கண்ணுக்கே படாதவர்கள் வேறு. தை மாதத்துக்குப் பிறகு செங்கல் சூளைகளைப் பாருங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சூளைக்கே குடிபோகின்றன. கல் அறுப்பது பின்னிரவில் தொடங்குகிறது. காய வைத்த பச்சைக் கல் வரிசைகளுக்கு நடுவே குழந்தைகள் தூங்குகிறார்கள். சொந்த ஊர்ப் பால்வாடிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் அங்கே இல்லை. சூளை இருக்கும் ஊரில் ஆள் இருக்கும், பெயர் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் வெள்ளை வெயிலில் உப்பு சுமக்கும் பெண்ணுக்கும் நிழல் என்றால் கொட்டகை ஓரம்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. நல்ல காரியம், யாரும் பொறாமைப்பட வேண்டாம். சூளைக்காரிக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய், அதுவும் தவணையாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். ஒரே மாவட்டத்து ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள், இவ்வளவு தூரம் தள்ளி வளர்கின்றன. திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி தாய்த்தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர். இருளர்களுக்காகச் சங்கம் கட்டியவர். பள்ளி வயதுக்கு வந்த பிள்ளைக்கு இப்படி யாராவது ஓர் ஆசிரியர் கிடைத்துவிடுகிறார். தவழ்கிற பிள்ளைக்காக அப்படி யாரும் இன்னும் வரவில்லை.

நூறு நாள் வேலையிலும் ஒரு விதி இருந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் வந்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏரிக்கரையில் எத்தனை நாள் அப்படி ஒருவரைப் பார்த்தீர்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கேட்காததால் போன உரிமை அது.

நகரத்தில் கதை வேறு. விழுப்புரம் ஜவுளிக்கடைகளில் நின்றபடி வேலை பார்ப்பவர்கள், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஆஸ்பத்திரிகளிலும் ஒப்பந்தத்தில் தரை துடைப்பவர்கள், இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் இரண்டரை வயதிலேயே தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள், படிப்புக்காக அல்ல, பிள்ளை இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று விழுந்து இறந்ததே, அதை நாம் மறந்திருக்க மாட்டோம். காசு கட்டினால் பத்திரம் என்று எண்ணிய இடம் அது.

பிற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? இலங்கை மலையகத் தோட்டங்களில் நம் சனங்கள் ‘பிள்ளைக் காம்பரா’ என்ற காப்பகத்தை நீண்ட காலமாக அறிவார்கள். கொழுந்து பறிக்கக் கை வேண்டும் என்றால் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பது தோட்டத்துரைக்கே புரிந்திருந்தது. இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. கர்நாடக அரசு 2023ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நான்காயிரம் ஊராட்சிகளில் ‘கூசின மனே’ என்ற குழந்தை வீடுகளை அறிவித்தது. காப்பாளர்களாக உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி. சத்தீஸ்கரில் சர்குஜா மாவட்டத்தில் 2012இல் ‘புல்வாரி’ என்ற காப்பகங்களைத் தொடங்கினார்கள். தாய்மாரே முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. முறை வருகிற நாளில் அந்தத் தாயின் கூலி போகிறது. ஏழையிடமே தியாகத்தைக் கேட்டு அதற்குச் சமூகப் பங்கேற்பு என்று பெயர் வைப்பதை நாம் ஏற்கக் கூடாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சேவை அல்ல. ஊராட்சிக் கூட்டமைப்பு ஒரு காப்பகத்தை நடத்தட்டும். பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் வேண்டும், கௌரவ ஊதியம் என்ற பெயரில் கிள்ளிக் கொடுப்பது கூடாது. அங்கன்வாடி டீச்சரின் தலையிலும் இதைக் கட்ட வேண்டாம். ஒன்றிய அரசு அவருக்குத் தன் கணக்கில் நிர்ணயித்த தொகை 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநில அரசு சேர்த்துக் கொடுப்பது தனி. ஏற்கெனவே எடை, பதிவேடு, செல்போன் ஆப், தேர்தல் வேலை என்று அவர் மூச்சு வாங்குகிறார். கட்டடம் அதே மையமாக இருக்கலாம், ஆள் வேறு, ஷிப்ட் வேறு. கம்பெனி பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் திறந்து, பஸ் திரும்பிய பின் மூட வேண்டும். ஆறு மாதப் பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும். காலை உணவை நேரம் தவறாமல் சமைத்துக் காட்டியவர்கள் நீங்கள். இதையும் உங்களால் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பணம் எங்கே என்பார்கள். 2021இல் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும், 2023இல் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். முதலாவது பெண்ணை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, இரண்டாவது அவர் கையில் காசு வைத்தது. பஸ் ஏறும் முன் பிள்ளையை எங்கே விடுவது என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாகத்தான் இருப்பார்கள், இடஒதுக்கீடு அப்படி. அவர்களிடம் சாலையும் விளக்கும் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் இரண்டு வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், அவர்களின் தாய்மார் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஒரு வாரத்தில் வீடுவீடாக எழுதிவிடுவீர்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். கிராம சபையில் நம்மிடம் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. இந்த முறை காப்பகத் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.